ஒற்றைப் பின்னில் தொங்கும் பெட்டி

உத்திரமேரூர் வட்டாரத்து டிராக்டர் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்



சொர்ணவாரிப் பயிர் கதிர் பிடிக்கிறது. இன்னும் சில வாரங்களில் அறுவடை மிஷின் வயலில் இறங்கிவிடும். அப்புறம் உங்கள் டிராக்டருக்கு ராப்பகல் ஓட்டம்தான். நின்று பேச நேரம் இருக்காது. அதற்கு முன்னால் ஒரு காரியம் கேட்டு இதை எழுதுகிறேன். டிராக்டரையும் பெட்டியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதே ஒரு பின், அதைக் கழற்றிக் கையில் எடுத்து, வெயிலில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

என்ஜினுக்கு நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறீர்கள். டயரில் பட்டன் தேய்ந்தால் கடன் வாங்கியாவது மாற்றுகிறீர்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறீர்கள். அந்தப் பின்னை மட்டும் யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. தொலைந்தால் வெல்டிங் பட்டறை மூலையில் கிடக்கும் கம்பித்துண்டு போதும் என்றாகிவிட்டது. கேட்டால், “இன்னா ஆவப் போவுது, இத்தினி வருசமா ஓடுது” என்கிறீர்கள்.

போன நவரை அறுவடையில் எங்கள் ராஜகுளத்துப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். யார் வண்டி, யார் ஓட்டினார் என்பது இங்கே வேண்டாம். நெல் மூட்டை ஏற்றிய நாலு சக்கரப் பெட்டி, கொள்முதல் நிலையத்துக்குப் போக ஏரிக்கரை ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பின்னால் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். ‘டணார்’ என்று ஒரு சத்தம். டிராக்டர் ஒரு துள்ளு துள்ளி முன்னால் ஓடியது. பெட்டி ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு பின்பக்கமாக உருளத் தொடங்கியது. கரையோரத்துப் பனைமரம் ஒன்று தடுத்திராவிட்டால் அது நேராக ஏரிக்குள் போயிருக்கும், அல்லது என் மேல் வந்திருக்கும். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்று காலையில்தான் அதே பெட்டியில் களையெடுக்கப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே பார்த்தது, நானும் பார்த்தேன்.

உடைந்த துண்டைத் தேடி எடுத்தோம். அது பின்னே இல்லை. வீடு கட்டும் முறுக்குக் கம்பியை வெட்டி, மேல்முனையைக் கைப்பிடிபோல வளைத்துச் செருகியிருந்தார்கள். உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது பாதிக்குமேல் கறுப்பாகத் துருவேறிக் கிடந்தது. மீதி மட்டும் வெள்ளியாகப் பளபளத்தது. பார்த்த உடனே விஷயம் விளங்கிவிடும். கறுத்த பாதி என்றைக்கோ விரிசல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ நடை, எத்தனையோ சுமை, எத்தனையோ ஆட்கள் எல்லாமே மிச்சமிருந்த அந்தப் பளபளத்த பாதியை நம்பித்தான் போய்வந்திருக்கிறார்கள். இரும்பு திடீரென்று உடைவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது மாதக்கணக்கில் உடைந்துகொண்டே இருந்து, கடைசி நாளில்தான் சத்தம் போடுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. நூறு மூட்டை என்றால் 4 டன். பெட்டியின் சொந்த எடையையும் சேர்த்தால் 5 டன்னை ஒட்டி வந்துவிடும். பத்தடி போனால் ஓரடி உயருகிற கரை ஏற்றத்தில் அந்த 5 டன் பெட்டி பின்னால் இழுப்பது சுமார் அரை டன். இது சீராகப் போகும்போது. கிளட்சைப் படக்கென்று விட்டால், பள்ளத்தில் இறங்கி ஏறினால், அந்த வெட்டு இதைப்போலப் பல மடங்கு. அத்தனையும் அந்த ஒரு பின்னின் இடுப்பில் விழுகிறது. 30 மில்லிமீட்டர் கனமுள்ள பின் தேய்ந்து 24 மில்லிமீட்டர் ஆனால், ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். வெட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்பதுதான் கணக்கு. பலமும் அந்த அளவுக்குப் போய்விடும்.

பின் தேயும்போது அது நிற்கிற ஓட்டையும் தேய்கிறது. வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாகிறது. பிரேக் போட்டால் ‘டக்’, கிளட்ச் விட்டால் ‘டக்’ என்று பின்னாலிருந்து சத்தம் வருமே, அது பெட்டியின் வளையம் பின்னைச் சம்மட்டிபோல அடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நம் காது பழகிவிட்டது. புதுப் பின் வாங்கி முட்டை ஓட்டையில் போட்டாலும் பயனில்லை. டோபார் முனையில் உள்ள வளையத்தையும், டிராக்டர் பக்கத்துக் கொக்கியின் ஓட்டையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வளையத்தின் கழுத்தில் மேலே மேலே வெல்டிங் பிடித்து ஓட்டுகிறவர்கள் உண்டு. வெல்டிங் பூசிய இடத்தை ஒட்டினாற்போலத்தான் அடுத்த விரிசல் கிளம்பும். அது தேய்ந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி.

விரிசலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த முறை ஒன்று உண்டு. பின்னையும் வளையத்தையும் கிரீசு போகக் கழுவி, மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். பிறகு சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சில் தலைமுடிபோல ஒரு கோடு ஈரமாக விழும். கோடு விழுந்த பின்னைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி இரண்டாக வெட்டிப் போடுங்கள்.

பின் நல்லதாக இருந்து, அதன் அடியில் லாக் கிளிப்பு இல்லாவிட்டாலும் ஆபத்துதான். மேட்டிலும் பள்ளத்திலும் குதித்துக் குதித்துப் பின் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பும். கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கி வைப்பது ஒரு நடைக்குக்கூடத் தாங்காது. இரண்டு சக்கரப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சுமை அச்சுக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாக இருந்தால் டோபார் கொக்கியின் மேல் அழுந்தி உட்காரும். கரும்பையோ வைக்கோலையோ பின்னால் நீட்டி அடுக்கினால், பெட்டி பின்னால் சாய்ந்து மூக்கைத் தூக்கும். பின்னையும் மேல்நோக்கி நெம்பும். படாளம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் பழகியவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் மாட்டைப் பூட்டியதும் இரண்டு பக்கமும் போய்க் கடையாணியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் கால் வைப்பார்கள். அவர்கள் ஏற்றியது உங்கள் சுமையில் நாலில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

இனி நான் முக்கியமாகக் கேட்க வந்த விஷயம், பாதுகாப்புச் சங்கிலி. மேல்நாடுகளில் காருக்குப் பின்னால் சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். அங்கேயும் இணைப்பு கழன்றுகொள்வது உண்டு. அதனால் இணைப்பு கழன்றாலும் வண்டி தன்பாட்டுக்கு ஓடிவிடாதபடி இரண்டாவதாக ஒரு பிடிமானம் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். ஐரோப்பாவில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு மெல்லிய கம்பிவடம் மாட்டுவார்கள். இணைப்பு விட்டால் அந்த வடம் இழுபட்டு, டிரெய்லரின் பிரேக்கைத் தானே போட்டுவிடும். அங்கே இழுபடுவது கட்டிலும் அடுப்பும் வைத்த ஒரு சின்ன வீடு. நாம் அதைவிடப் பெரிய சுமையை, மனிதர்களையும் சேர்த்து, இரண்டாவது பிடிமானம் எதுவும் இல்லாமல் இழுக்கிறோம். நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பிரேக்கே கிடையாது என்பதால் நமக்குத்தான் சங்கிலி இன்னும் அவசியம்.

சங்கிலி என்றால் மாடு கட்டுகிற சங்கிலி இல்லை. பெட்டியும் சுமையும் சேர்ந்த முழு எடையைத் தாங்கும் என்று தரம் குறித்து விற்கிற சங்கிலியாக இரண்டு வேண்டும். இரண்டையும் டோபாருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். இணைப்பு விட்டால் டோபார் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியின் மேல் விழுந்து நிற்கும். சங்கிலி தரையில் உரசக் கூடாது; திரும்பும்போது இழுபடவும் கூடாது, அந்த அளவு தளர்வு போதும். எந்தப் பின்னுக்குத் துணையாகப் போடுகிறோமோ அதிலேயே சங்கிலியையும் மாட்டினால் பின்னோடு சேர்ந்து சங்கிலியும் போய்விடும். அதற்குத் தனி இடம் வேண்டும். அதற்காக டிராக்டரின் பின் அச்சுக் கூட்டில் வெல்டிங் வைத்துவிடாதீர்கள். அது வார்ப்பிரும்பு, வெடித்துவிடும். போல்ட் போட்டுப் பட்டை பிடிக்கத் தெரிந்த பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

கொக்கி மாட்டும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கலப்பை மாட்டுகிற கைகளுக்கு நடுவே வரிசையாக ஓட்டை போட்ட பட்டை இருக்கிறதே, சுமைப் பெட்டியை அதில் மாட்டாதீர்கள். அது ஏறி இறங்கும், பக்கவாட்டிலும் ஆடும். அதைவிட ஆபத்து, பெட்டி சேற்றில் சிக்கும்போது மேலே டாப் லிங்க் இருக்கும் இடத்தில் வடத்தைக் கட்டி இழுப்பது. அச்சுக்கு மேலிருந்து இழுத்தால் டிராக்டரின் முன்சக்கரம் எழும்பி, வண்டி பின்பக்கமாக ஓட்டுநரின் மேலேயே கவிழும். தாவிக் குதிக்க அவகாசம் இருக்காது.

இத்தனையும் பார்த்துச் செய்தாலும் ஒருநாள் உடையத்தான் செய்யும். அந்த நேரத்தில் நாம் பதறிச் செய்கிற வேலைதான் உயிரை வாங்குகிறது. அன்று ஏரிக்கரையிலும் அதைப் பார்த்தேன். பெட்டி உருளும்போது கூட வந்த ஒரு தம்பி ஓடிப்போய் டோபாரைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தான். 5 டன்னை எந்தக் கையும் நிறுத்தாது. விலகி நின்று, பின்னால் இருப்பவர்களைக் கத்தி விரட்டுவதுதான் அந்த நொடியில் செய்யக்கூடிய ஒரே உதவி. பெட்டி நின்ற பிறகு, சரிவின் கீழ்ப்பக்கத்தில் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். வழியில் கிடைக்கிற உருண்டைக் கல் நழுவிவிடும். ஆப்பு வடிவத்தில் அறுத்த இரண்டு மரக்கட்டைகளைப் பெட்டியிலேயே எப்போதும் போட்டு வையுங்கள். காஞ்சிபுரம் சாலையிலோ, ஜல்லி லாரிகள் பறக்கிற புக்கத்துறை சாலையிலோ இரவில் நின்றுவிட்டால், வண்டிக்குப் பக்கத்தில் கூடி நின்று பேசாமல், ஒருவர் தொலைவில் போய் டார்ச் அடித்து வருகிற வண்டிகளை எச்சரிக்க வேண்டும். பெட்டியின் பின்பலகையில் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்டியிருந்தால் அந்த இருட்டில் அதுதான் காப்பாற்றும். அடி பட்டவர் இருந்தால் 108. சாலை மறிபட்டுப் போலீஸ் உதவி வேண்டும் என்றால் 112.

மறுபடி மாட்டுகிற வேலை இன்னும் மோசம். ஓட்டுநர் டிராக்டரைப் பின்னால் கொண்டுவருவார். இன்னொருவர் டிராக்டருக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று வளையத்தைத் தூக்கிப் பிடித்து, “வா வா வா” என்பார். கால் கிளட்சில் ஒரு விரற்கடை வழுக்கினால் அவர் நெஞ்சு நசுங்கும். டிராக்டர் நகரும்போது நடுவே யாரும் நிற்கக் கூடாது. பெரிய சக்கரத்துக்கு வெளியே, ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று கைகாட்ட வேண்டும். வண்டி நின்று, பிரேக் பூட்டி, என்ஜின் அணைந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஓட்டையும் ஓட்டையும் நேராக வந்ததா என்று விரலை விட்டுப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். நம் பகுதியில் அப்படி விரல் இழந்தவர்கள் உங்களுக்கே தெரிந்தவர்களாக இருப்பார்கள். கடப்பாரை முனையால் நெம்பி நேராக்கலாம். ஆனால் அந்தக் கடப்பாரையையே பின்னாகச் செருகிக்கொண்டு, “கொள்முதல் நிலையம் வரைக்கும்தானே” என்று கிளம்பாதீர்கள். மூட்டையை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். கூலி கூடுதலாகும், உண்மைதான். நெல்லின் சொந்தக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கூலியைக் கேளுங்கள், தருகிறோம். விவசாயிகளான நாங்களும் “சீக்கிரம், மழை வந்துடும், லைன் போயிடும்” என்று உங்களை விரட்டுவதை நிறுத்த வேண்டும்.

கடைசியாக, பெட்டியில் ஆள் ஏற்றுவது. நடவுக்கும் களைக்கும் பெண்களை ஏற்றுகிறீர்கள். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கனுப் பொங்கலன்று பழையசீவரம் பார்வேட்டைக்கு, குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக ஏற்றுகிறீர்கள். வேறு வண்டி கிடைக்காத ஊர்கள் நம்முடையவை, அது எனக்குத் தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தில் ஏற்றுவதில்லை. ஆனால் நடந்தவற்றைப் பாருங்கள். 2018 ஜூன் 24 அன்று தெலங்கானாவின் யாதாத்ரி மாவட்டத்தில் வேலைக்குப் போன கூலிப்பெண்கள் ஏறியிருந்த டிராக்டர் மூசி ஆற்றுக் கால்வாயில் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூரில் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் பெட்டி குளத்தில் விழுந்து 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். டிராக்டரையும் பெட்டியையும் விவசாய வேலைக்கு மட்டும் வையுங்கள் என்று அந்த மாநில முதல்வரே மக்களைக் கேட்டுக்கொண்டார். 2024 பிப்ரவரி 24 அன்று அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில் கங்கையில் நீராடப் போனவர்களின் பெட்டி குளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இவை எல்லாம் பின் உடைந்து நடந்தவை என்று நான் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, கவிழ்ந்தால் பெட்டி அப்படியே மேலே மூடிக்கொள்கிறது என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். நம் பக்கத்தில் எந்தச் சாலையில் போனாலும் ஒரு பக்கம் ஏரியோ குளமோ கால்வாயோ இல்லாமல் இருக்கிறதா?

பணக் கணக்கும் இருக்கிறது. சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு விபத்து நடந்தால் உங்கள் நிலமும் வண்டியும் அதிலேயே போய்விடும். போன உயிருக்கு அதுவும் ஈடாகாது. ஆட்களுக்கு ஷேர் ஆட்டோவோ வேனோ வைத்தால் ஆகும் செலவை நடவுக்குக் கூப்பிடுகிற நிலக்காரர்கள்தான் ஏற்க வேண்டும். நான் என் வயலுக்கு அப்படித்தான் செய்யப்போகிறேன்.

1,100 வருடத்துக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்து ஏரிக்கென்று தனி வாரியம் வைத்த ஊர் உத்திரமேரூர். அந்தக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் நாமும் நம் ஊர்களில் இரண்டு தீர்மானம் கொண்டுவருவோம். பெட்டியில் ஆள் ஏற்றுவதில்லை என்பது ஒன்று. லாக் கிளிப்பும் பாதுகாப்புச் சங்கிலியும் இல்லாத பெட்டியை வாடகைக்குக் கூப்பிடுவதில்லை என்பது இன்னொன்று. அறுவடை தொடங்குவதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறை அதிகாரிகளை வரவழைத்து, உத்திரமேரூரில் ஒரே நாளில் எல்லாப் பெட்டிகளின் இணைப்பையும் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்போம். மனுவை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்துகளுக்காகத்தான் காத்திருக்கிறேன். இந்த வாரத்திலேயே வந்து போடுங்கள்.

அன்புடன்,
ராஜகுளத்து விவசாயி ஒருவன்